படித்த நாவலையே ஏழாவது முறை படிக்கிறேன், நான் ஓடி ஒளிகிறேனா?

கேள்வி: எனக்கு வயது 56. தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு டிவி போட்டால் பதினொன்றுக்குத்தான் அணைகிறது. ஒரு சேனலில் விவாதம் முடிந்தால் என் கணவர் அடுத்த சேனலுக்குப் போய்விடுவார். சத்தம் முப்பதைத் தாண்டும். நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பழைய நாவலை எடுத்துக்கொள்வேன். இது ஏழாவது முறை. அக்காவிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்காத புத்தகம், முதல் பக்கத்தில் இன்னும் அவள் பெயர்தான் இருக்கிறது. பாட்டி இறந்துபோகும் பதினேழாம் அத்தியாயத்தை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுவேன். “ஊரே பற்றி எரியும்போது கதை படிக்கிறாயே அம்மா, இதெல்லாம் தப்பித்தல்” என்கிறான் மகன். “அவளுக்கு அரசியல் தெரியாது” என்கிறார் கணவர். எனக்கும் அபிப்பிராயம் உண்டு, யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். அதிலிருந்து மூன்று மாதமாக அக்காவுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. இந்த முறை ஓட்டுப் போடவே போக வேண்டாம் என்று இருக்கிறது. வீட்டிலிருந்து இரண்டு ஓட்டு எப்படியும் போய்விடும், போதாதா? எனக்கு மனசில் ஏதாவது கோளாறா?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் நிம்மதியாக முதல் பக்கத்துக்கு வருகிற ரகம் நீங்கள் என்று நினைக்கிறேன். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது கோளாறு இல்லை. படித்த புத்தகத்தைத் திரும்பப் படிப்பதற்கு மருத்துவத்தில் நோய்ப் பெயரும் கிடையாது, மாத்திரையும் கிடையாது.

தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல், பிடித்த புத்தகம்கூட ருசிக்காமல் ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தாமதிக்காமல் மருத்துவரை நேரில் பார்க்கச் சொல்வேன். உங்கள் கடிதத்தில் அந்தச் சாயல் இல்லை. பதினேழாம் அத்தியாயத்தை மட்டும் கவனமாகத் தாண்டுகிறவருக்கு மற்ற அத்தியாயங்கள் இன்னும் ருசிக்கின்றன என்றுதானே அர்த்தம்?

ஆனால் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது. அந்த வரிக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

முதலில் உங்கள் மகன் சொன்ன ‘தப்பித்தல்’. ஒருவர் எதிலிருந்து தப்பிக்கிறார், திரும்பி வருகிறாரா என்று கேட்காமலே அந்தச் சொல்லை வீசிவிடுகிறோம். நீங்கள் பதினொரு மணிக்கு வெளியே வருகிறீர்கள். மறுநாள் உங்கள் வேலையைப் பார்க்கிறீர்கள். தேர்தலைப் பற்றி உங்களுக்கு அபிப்பிராயமும் இருக்கிறது. ஆகவே நீங்கள் தேர்தலிலிருந்து தப்பித்து ஓடியதாக எனக்குத் தெரியவில்லை. முப்பதுக்கு மேல் போன சத்தத்திலிருந்து ஓடியிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் ஓடுவார்கள்.

புது நாவல் படிக்கும்போது மனதின் ஒரு மூலையில் ஒரு காவல்காரர் விழித்தபடியே இருப்பார். இவன் நல்லவனா, அவள் ஏமாற்றப்போகிறாளா, இந்தக் கடிதம் யார் கையில் சிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். ஏழாவது முறை படிக்கும்போது அவருக்கு வேலையே இல்லை. எல்லாக் கதவும் எங்கே திறக்கும் என்று தெரியும். அவர் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிறார், உங்களுக்கும் தோள் தளர்கிறது. முதல் வாசிப்பில் கதைக்காக ஓடிய கண், இப்போது நின்று பார்க்கிறது. யார் யாரிடம் எந்தக் குரலில் பேசினார்கள், ஜன்னலோரம் என்ன இருந்தது என்பதெல்லாம் ஐந்தாவது ஆறாவது தடவையில்தான் கண்ணில் படும்.

புத்தகத்தை மருந்தாகப் பார்க்கும் யோசனை ஒன்றும் புதிதல்ல. 1916-ல் சாமுவேல் க்ரோதர்ஸ் என்ற அமெரிக்க மதகுரு ஒரு பத்திரிகைக் கட்டுரையில், பாதி விளையாட்டாக, ‘பிப்ளியோதெரபி’ என்று அதற்குப் பெயரே வைத்தார். முதல் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களின் மருத்துவமனைகளில் நூலகங்கள் நடந்தன. 2013-லிருந்து இங்கிலாந்தில், லேசான பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களுக்கு மருத்துவர் புத்தகத்தைப் பரிந்துரைக்க, அவர்கள் பொது நூலகத்தில் எடுத்துப் படிக்கும் ஏற்பாடு நடக்கிறது. அதில் பெரும்பாலும் சுயஉதவி நூல்கள்தான், நாவல் குறைவு. ஏழாவது முறை படிப்பதற்கு அந்தச் சீட்டில் இடம் உண்டா என்றால் இல்லை. அது உங்கள் சொந்த வைத்தியம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1968-ல் ராபர்ட் ஸயோன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். அர்த்தமே இல்லாத சொற்களையும், பார்ப்பவர்களுக்குப் புரியாத சித்திர எழுத்துகளையும் சிலவற்றை ஓரிரு முறையும் சிலவற்றைப் பல முறையும் காட்டினார். அதிகமுறை கண்ணில் பட்டவற்றையே மக்கள் ‘நல்லது’ என்று மதிப்பிட்டார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை, பழகிவிட்டது, அவ்வளவுதான். உங்கள் நாவல் இதமாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. ஒரே வேட்பாளரின் முகத்தைச் சுவரெங்கும் ஒட்டுவதும், ஒரே கோஷத்தைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்புவதும் இதே விதியை நம்பித்தான். புத்தகத்தை நீங்களாக எடுக்கிறீர்கள், சுவரொட்டி தானாக வந்து கண்ணில் விழுகிறது. வித்தியாசம் அங்கேதான்.

சரி, டிவிக்கு வருவோம்.

நாலு மணி நேர விவாதம் ஏன் அப்படிக் கத்துகிறது என்பதற்குக் கட்சிகள் மட்டும் காரணம் இல்லை. ஒரு செய்தியாளரையும் கேமராக்காரரையும் வண்டி ஏற்றி அனுப்பி ஒரு விஷயத்தை விசாரித்து வருவதற்குப் பணமும் நாளும் ஆகும். ஆறு பேரை ஆறு பெட்டிக்குள் உட்கார வைத்துப் பேசவிடுவது மலிவு. தினமும் அந்த நேரத்தை நிரப்பியாக வேண்டும், பார்ப்பவர் ரிமோட்டை எடுத்துவிடக் கூடாது. நிதானமாக ஒருவர் பேசினால் ரிமோட் கைக்கு வந்துவிடும். குறுக்கே ஒருவர் பாய்ந்தால் வராது.

கருத்துக்கணிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேரைச் சரியான குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டால்கூட, ஒவ்வொரு எண்ணிலும் மூன்று சதவீதம் வரை முன்னே பின்னே இருக்க இடமுண்டு. 41-க்கு 39 என்று திரையில் சிவப்பாக மின்னினால் அதன் நிஜமான அர்த்தம் ‘யார் முன்னால் என்று தெரியவில்லை’ என்பதுதான். அப்படிச் சொல்லிவிட்டால் அன்றைய நிகழ்ச்சி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் இரண்டு புள்ளி ஏறியதற்கு ஒரு மணி நேரம் காரணம் சொல்கிறார்கள்.

நானும் யோக்கியம் இல்லை. ஒரு வாக்கு எண்ணிக்கை நாளில் காலை ஏழு மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்தேன். முன்னிலை, பின்னடைவு, மீண்டும் முன்னிலை என்று மாலை வரை நகரவில்லை. பக்கத்தில் வந்து பேசியவர்களுக்கு ‘ம்’ மட்டும் பதில். இரவு கண் எரிந்தது, தூக்கம் வரவில்லை. மறுநாள் காலைச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில், நான் ஒரு பகல் முழுக்கத் தெரிந்துகொண்டது எல்லாம் அரைப் பக்கத்துக்குள் அடங்கியிருந்தது. பிறருக்குத் தூக்கம் பற்றி ஆலோசனை சொல்லிப் பிழைக்கிற ஆள் நான்.

அளவுக்கு மீறிப் பார்ப்பது உடம்பை என்ன செய்யும் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிற ஆய்வு ஒன்று உண்டு. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. அடுத்த வாரம் முழுவதும் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியிலேயே இருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் தென்பட்டன என்று 2014-ல் வெளியான ஆய்வு சொன்னது. தேர்தல் விவாதம் குண்டுவெடிப்பு ஆகாது, ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் அபாயக் குரலில் சொல்லப்படுகிற எதையும் மணிக்கணக்கில் கேட்டால் தூக்கம் தள்ளிப்போகும். உங்கள் கணவர் டிவியை அணைத்த பிறகு எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கவனித்துப் பாருங்கள்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்னும் சொன்னால், அவரும் உங்களைப் போலத்தான். அதே ஆறு முகங்கள், அதே வாதங்கள், யார் எந்த இடத்தில் எகிறுவார் என்று முன்கூட்டியே தெரியும். தினமும் ஏழு மணிக்கு அவரும் படித்த நாவலைத்தான் திரும்ப எடுக்கிறார். அவருடையதில் சத்தம் ஜாஸ்தி. ஒரே ஒரு விஷயத்தில் அவருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. டிவி பரவலாவதற்கு முன்பே, வானொலியும் செய்தித்தாளும் கோலோச்சிய 1948-ல், பால் லாசர்ஸ்ஃபெல்ட், ராபர்ட் மெர்ட்டன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இதை எழுதினார்கள்: செய்தியை நிறைய உட்கொள்பவர், ஒரு பிரச்சினையைப் பற்றித் தெரிந்துகொண்டதையே அதற்காக ஏதோ செய்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார், ஒரு போதை மருந்து மாதிரி. நாலு மணி நேரம் பார்த்து முடித்தவருக்கு ஒரு நாள் உழைப்பை நாட்டுக்குக் கொடுத்த களைப்பு வருவது இதனால்தான். தயவுசெய்து இந்தப் பத்தியை வெட்டி டிவிமேல் ஒட்டாதீர்கள். ஆய்வைக் காட்டி ஜெயித்த தம்பதியை நான் இதுவரை பார்த்ததில்லை.

உங்கள் மகனுக்கு ஒரு வரி. ஊடகம் மற்றவர்களைத்தான் மயக்குகிறது, தன்னை இல்லை என்று அநேகமாக எல்லோரும் நம்புகிறார்கள். 1983-ல் டேவிசன் என்ற சமூகவியலாளர் இதற்கு ‘மூன்றாம் மனிதர் விளைவு’ என்று பெயர் வைத்தார். அம்மா கதையில் மூழ்குகிறார், அப்பா டிவியில் மூழ்குகிறார் என்று சொல்லும் பிள்ளையின் கையில் அப்போது என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

இப்போது அந்த வரி. “வீட்டிலிருந்து இரண்டு ஓட்டு எப்படியும் போய்விடும், போதாதா?”

இந்த வாதம் உங்களுடையது இல்லை, உங்களைவிட மிகவும் வயதானது. 1820-ல் ஜேம்ஸ் மில் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் அரசாங்கத்தைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில், பெண்களின் நலன் தந்தையின் நலனுக்குள்ளோ கணவரின் நலனுக்குள்ளோ அடங்கிவிடுகிறது, அதனால் அவர்களைத் தனியாகக் கணக்கில் எடுக்காமல் விட்டாலும் குறை வராது என்று வாதிட்டார். அவர் பெற்ற மகன் ஜான் ஸ்டூவர்ட் மில் அதை ஏற்கவில்லை. 1867-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கும் ஓட்டுரிமை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். 73 பேர்தான் ஆதரித்தார்கள், தோற்றுப்போனார். பிரிட்டனில் ஆண்களுக்குச் சமமான ஓட்டுரிமை பெண்களுக்குக் கிடைக்க 1928 ஆனது. ஜேம்ஸ் மில் சொன்னதை நூறு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டி ஒதுக்கி வைத்தார்கள். அதை யாரும் கேட்காமலே நீங்கள் உங்கள் கடிதத்தில் திரும்ப எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதுதான் உறுத்தியது.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஓட்டுப் போடும் இடத்தில் ஏன் மறைப்பு வைக்கிறார்கள்? ஒரு காலத்தில் பிரிட்டனில் வாக்காளர் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுத்தான் பெயரைச் சொல்ல வேண்டும். நிலத்தின் சொந்தக்காரரும் முதலாளியும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1856-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா குடியேற்றங்களில் ரகசிய வாக்கெடுப்பு வந்தது, 1872-ல் பிரிட்டன் அதை எடுத்துக்கொண்டது. அந்த மறைப்புக்குப் பின்னால் யாரும் குறுக்கே பேச முடியாது. நீங்கள் எந்தக் கட்சி என்று எனக்கும் தெரிய வேண்டாம், வீட்டிலும் சொல்ல வேண்டாம், அக்காவிடமும் வேண்டாம். நாலு மணி நேரம் விவாதம் பார்த்தவருக்கும் ஒரு ஓட்டுதான், நாவல் படித்தவருக்கும் ஒரு ஓட்டுதான். முப்பத்தைந்து வருடமோ என்னவோ உங்கள் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை என்கிறீர்கள். இங்கே ஒருவர் உங்கள் பெயரைப் பட்டியலில் அச்சிட்டு வைத்துக்கொண்டு கேட்கிறார். போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே ஒரு தடவை பார்த்தும்விடுங்கள், கடைசி நாளில் பதற வேண்டாம்.

வீட்டுக்குள் என்ன செய்யலாம்? ‘சத்தத்தைக் குறையுங்கள்’ என்றால் அது சண்டை. ‘முப்பதைப் பதினெட்டாக்குங்கள்’ என்றால் அது பேரம், இருபதில் வந்து நிற்கும். அதோடு தினமும் ஒரு அரை மணி நேரம் நீங்களாகவே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். விளம்பர இடைவேளையில் மட்டும் சத்தத்தை முழுதாக நிறுத்தச் சொல்லி, “இன்றைக்குப் புதிதாக என்ன தெரிந்தது?” என்று கேளுங்கள். குத்தலாக வேண்டாம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். சில நாள் அவரிடம் பதில் இருக்கும், சில நாள் யோசிப்பார். அந்த இடைவெளியில் “எனக்கு என்ன தோன்றுகிறது என்றால்...” என்று உங்கள் வாக்கியத்தை ஆரம்பியுங்கள். முதல் இரண்டு மூன்று முறை பாதியில் விளம்பரம் முடிந்துவிடும். பரவாயில்லை, மறுநாள் மீதியைச் சொல்லுங்கள். அரை மணி முடிந்ததும் எழுந்து உங்கள் அறைக்குப் போய்விடலாம். அதற்குப் பிறகு படிக்கிற நாவலுக்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா விஷயம்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1940-ல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, ஒஹாயோ மாநிலத்தின் ஈரி என்ற மாவட்டத்தில், நான் மேலே சொன்ன அதே லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் அறுநூறு பேரை மே மாதத்திலிருந்து நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேட்டி எடுத்தார்கள். பிரச்சாரத்தால் கட்சி மாறி ஓட்டுப் போட்டவர்கள் மிகக் கொஞ்சம் பேர். மாறியவர்களில்கூட வானொலியையும் செய்தித்தாளையும்விடத் தெரிந்த மனிதரின் பேச்சுக்கு அதிகச் செல்வாக்கு இருந்தது. பேச்சு என்பதைக் கவனியுங்கள், முகத்தைப் பார்த்து, பாதியில் சிரித்து, ‘அது சரி, ஆனா...’ என்று இழுத்துப் பேசுகிற பேச்சு. இருபது உறவினர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவில் நீங்கள் எழுதிய நாலு வரியில் அது எதுவும் இருந்திருக்காது. நீங்கள் சொன்னது சரியோ தவறோ, சொன்ன இடம் மேடையாகிவிட்டது. மேடையில் அக்காவும் விட்டுக்கொடுக்க முடியாது, தங்கையும் முடியாது.

அப்புறம், ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அலமாரியில் இந்த ஒரு புத்தகம்தான் இருக்கிறதா? இந்த மூன்று மாதமும் முதல் பக்கத்தில் அக்காவின் பெயர் எழுதிய புத்தகத்தையே உங்கள் கை தேடி எடுத்திருக்கிறது. தற்செயலாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் உள்ளர்த்தம் தேடுவது என் தொழிலின் கெட்ட பழக்கம், தவறு என்றால் விட்டுவிடுங்கள்.

தவறு இல்லை என்றால் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். குழுவில் வேண்டாம், செய்தியாக வேண்டாம், குரலில். தேர்தலில் ஆரம்பிக்காதீர்கள், மன்னிப்பிலும் ஆரம்பிக்காதீர்கள், இரண்டுமே உடனே ‘யார் சரி’ என்பதில் போய் நிற்கும். அவருடைய புத்தகம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். பதினேழாம் அத்தியாயம் வந்தால் அவரும் தாண்டிவிடுவாரா என்று கேளுங்கள்.